பாரிஸ் அண்ணனுக்கு ஒரு பிடி பொரி

கலியாணங்களை லைவ் போடுவது என் தொழில். அதாவது, மண்டபத்தில் இருப்பவர்களுக்கு என் முதுகையும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கலியாணத்தையும் காட்டுகிறவன் நான். இதே தொழிலில் இடுப்பொடிந்த சகோதரர்களே, போன ஆவணியில் கொழும்பு வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஒரே ஒரு காட்சி

மணப்பெண் துஷாந்திக்கு ஒரே அண்ணன். பாரிஸில் ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை. விசா இன்னும் சரிவரவில்லை, அதனால் தங்கையின் கலியாணத்துக்கு வர வழியில்லை. தாலி கட்டிய பிறகு, அக்கினியில் இடுவதற்காக மணப்பெண்ணின் கையில் பொரி போடுவது அண்ணனின் உரிமை. அதைச் சித்தப்பா மகன் செய்வதாக ஏற்பாடு.

கலியாணத்துக்கு முதல் நாள் அண்ணன் எனக்குப் போன் கோல் எடுத்தார். நகை, சேலை, மேக்கப் எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லையாம். பொரி போடும்போது தங்கச்சியின் முகம் தெரிந்தால் போதுமாம். "தம்பி, அந்த நேரம் மட்டும் என்னைக் கைவிட்டிடாதையும்" என்றார்.

சமையலறையில் மைக்

மேளச் சத்தத்துக்கு நடுவில் பேச்சும் கேட்கட்டும் என்று பெண்ணின் அப்பாவுடைய சால்வையில் வயரில்லாத ஒரு குட்டி மைக்கைக் குத்தியிருந்தேன். மாப்பிள்ளைக்குப் பூணூல் போடும் நேரத்தில் மனிதர் அதை மறந்து சமையலறைக்குள் போய்விட்டார். படத்தில் மாப்பிள்ளை பக்தியோடு கண்ணை மூடியிருக்கிறார். சத்தத்தில் மாமனார் வடை குறைந்துவிட்டதென்று சமையல்காரரோடு சண்டை பிடிக்கிறார். கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் லைவுக்குக் கீழே சிரித்த முக இமோஜிகளாக வந்து குவிந்தன. லண்டன் பெரியப்பா இப்படி எழுதினார்: "வடை போதாட்டி என்ரை பங்கை ஆருக்கும் குடுங்கோ."

தாலிக்குப் பின் பந்தி

தாலி ஏறியதும் சனம் சாப்பாட்டுக்குப் பறப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மணவறைக்கு முன்னால் சொந்தக்காரர் சிலர்தான் மிச்சம். நல்ல வசதி என்று நினைத்து, லைவை நிறுத்திவிட்டு, மைக் இணைத்திருந்த அதே போனில் அண்ணனுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவருடைய முகம் வந்தது, வந்தபடியே உறைந்தது. படம் நின்றுவிட்டது, சத்தம் மட்டும் கேட்கிறது என்றார். காரணம் உடனே விளங்கியது. பந்தியில் இருந்த அத்தனை பேரும் ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு, மறு கையால் தாலி கட்டிய படத்தை மண்டபத்து வைஃபையில் ஃபேஸ்புக்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஐயரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பெண்ணின் அப்பாவிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் பொரித்தட்டைக் கீழே வைத்தார். மகனோடு போனில் நாலு வார்த்தைக்கு மேல் கதைக்காத அந்த அப்பா, சாப்பாட்டு மண்டபத்துக்கு ஓடினார். பந்திக்கு நடுவில் நின்று கும்பிட்டார். "என்ரை பெடியன் தங்கச்சியைப் பாக்கவேணும். ரெண்டு நிமிசம் போனை வையுங்கோ" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. வரிசையாகப் போன்கள் மேசையில் கவிழ்ந்தன. ஓர் அன்ரி மட்டும் நிதானமாகச் சொன்னார்: "நான் ஏத்திப்போட்டன் அண்ணை, இவையளுக்குத்தான் சொல்லோணும்."

பாரிஸில் விழுந்த பொரி

படம் வந்தது. அண்ணன் சமையல் ஏப்ரனோடு நின்றார், கண் சிவந்திருந்தது. சால்வை மைக் இவ்வளவு நேரமும் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. திரும்பி வந்த அப்பாவிடம், பந்தியில் சொன்னதெல்லாம் தனக்கும் கேட்டது என்றார். அப்பா சால்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மேலே மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

சித்தப்பா மகன் துஷாந்தியின் கையில் பொரியைப் போட்டான். பாரிஸில் அந்த நேரத்துக்குப் பொரிக்கு எங்கே போவது? அண்ணன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தன் போனுக்கு முன்னால் கொட்டினார். அது சமையலறை முழுக்கச் சிதறியது. தலை குனிந்து அழுதுகொண்டிருந்த துஷாந்தி அந்தச் சத்தத்தில் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள், பார்த்ததும் சிரித்துவிட்டாள். "அண்ணா, அந்த அரிசியை இனி ஆர் கூட்டுறது?"

அந்த இடத்தில் மட்டும் படம் ஏன் அப்படி ஆடியது என்று கேட்கும் அண்ணனுக்கு, நான் இன்றுவரை மண்டபத்து வைஃபையைத்தான் காட்டிக்கொடுத்து வருகிறேன்.