அப்பா எழுதாத நண்டுக் கட்டுரை

செங்கலடிச் சந்தியில் மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்த நெட் கஃபேயில் எந்நேரமும் சாம்பிராணி மணக்கும். மொடம் கீச்கீச்சென்று கத்தி ஓயும்வரை காத்திருக்க வேண்டும். கீழே பதுளை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருக்கும்...

அப்போது நான் பல்கலைக்கழக வளாகத்தில் தற்காலிக விரிவுரையாளர். நிரந்தரமாக்க வேண்டுமென்றால் வெளிநாட்டுச் சஞ்சிகையில் ஒரு கட்டுரையாவது வர வேண்டும். வாவி நண்டுகளைப் பற்றி எழுதி வைத்திருந்தேன். பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பிய காலம் முடிந்து, நான் அனுப்ப நினைத்த சஞ்சிகை ஒன்லைனுக்கு மாறிய புதிது.

திரையில் வந்த படிவம் முதற்பெயர் கேட்டது. வசந்தி. அடுத்து குடும்பப் பெயர் கேட்டது.

நமக்கேது குடும்பப் பெயர்? குடும்பம் என்றால் அப்பாதானே, தம்பிராசா என்று அடித்துவிட்டேன்.

கட்டுரை வந்தது. ஆசிரியர்: வ. தம்பிராசா!

அப்பா சந்தையடியில் தையற்காரர். நண்டு சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும், வீட்டில் சமைப்பதே இல்லை. பிரின்ட் எடுத்துக் காட்டினேன்.

"என்ன மகள், எழுதினது நீ, பேர் எனக்கா?"

கடைக்கு வந்தவர்கள் விடுவார்களா?

"டொக்டர், என்ட கால்சட்ட எப்ப தைச்சி முடியும்?"

நேர்முகத் தேர்வில்தான் சிரிப்பு அடங்கியது.

"இந்தத் தம்பிராசா ஆர்?" என்று ஒருவர் கேட்டார்.

"என்ட அப்பா, சேர்."

"அப்ப அப்பாட கட்டுரையையா கொண்டு வந்திரிக்கீங்க?"

வேலை போச்சு என்றே நினைத்தேன். நடுவில் இருந்த ஓட்டமாவடிப் பேராசிரியர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்ட முதல் பேப்பரும் வாப்பாட பேரிலதான் கிடக்கு. அவர் அரிசி யாவாரி."

எல்லோரும் சிரித்தார்கள். வேலை கிடைத்தது.

இப்போது ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் இருக்கிறது. பெயர் எப்படி இருந்தாலும் அது நம் கட்டுரைகளை ஒன்றாகச் சேர்த்துவிடும். வளாகப் பிள்ளைகள் பஸ்ஸில் இருந்தபடியே போனில் கட்டுரை அனுப்புகிறார்கள். யார் நம்மை மேற்கோள் காட்டினாலும் உடனே தகவல் வருகிறது. கண் மங்கித் தையலை விட்ட அப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டுவது என் வேலை. பிரேசிலில் ஒருவர் தம்பிராசாவை மேற்கோள் காட்டியிருக்கிறார் என்றால், அன்று முழுக்க அப்பாவைப் பிடிக்க முடியாது.

போன கிழமை துறையில் ஒரு தங்கச்சி, "மிஸ், அந்தக் கட்டுரையில பேர மாத்திடுவம், கொஞ்ச நேர வேலதான்" என்றாள். அப்பாவிடம் கேட்டேன்.

"மாத்து மகள். உழைச்சது நீதானே."

பிறகு மெதுவாக,

"அப்ப இனி என்னய ஒருத்தரும் தேடமாட்டாங்களா?"

மனசு கேட்கவில்லை... மாற்றவில்லை. யாராவது அவரைத் தேடிக்கொண்டே இருக்கட்டும்.