நுரைக்காத திராட்சை

மகள் லூர்துமேரி வயிற்றுப்போக்கில் இறந்த பிறகு ஜெயமேரியின் வீட்டில் பிளீச்சிங் பவுடர் நெடி அடங்கவே இல்லை. ஏற்காட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் ஆயா. ஊற்றுத் தண்ணீரால் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்ன சொல் அவளுக்குள் ஆணியாக இறங்கிவிட்டது. பவுடர் கரைத்த பக்கெட்டில் குடம், டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் முக்கி எடுப்பாள். அப்புறம் அலச மாட்டாள். அலசினால் கிருமி திரும்ப ஒட்டிக்கொள்ளும் என்று பயம். குடிக்கிற தண்ணீரிலும் கரைசலைத் தாராளமாக ஊற்றுவாள். எஸ்டேட் ஜீப் ஓட்டும் அவள் புருசன் ஜேசுதாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் குடிப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இரண்டு கிறிஸ்துமஸ் அந்த வீட்டுக்கு வராமலே போனது. எண்பத்தாறில் ஜேசுதாஸ் சேலத்திலிருந்து ஒரு கூடை கறுப்புத் திராட்சையோடு வந்தார்.

"இந்த வருசம் ஒயின் போடலாம் மேரி. நாலு சனம் வரட்டும்."

அவள் தலையசைத்தாள். பழங்களையும் ஜாடியையும் பக்கெட்டுத் தண்ணீரிலேயே கழுவிக் கொடுத்தாள். அவர் பழத்தைப் பிசைந்து சர்க்கரை போட்டார். பேக்கரி சுப்பிரமணியிடம் வாங்கிய ஈஸ்ட்டைக் குடத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றித் துணி கட்டினார்.

ஜாடி பொங்கவில்லை. வேலைக்குப் போகுமுன் அதில் காதை வைத்துப் பார்ப்பார். சத்தமே இருக்காது. மறுபடி ஈஸ்ட் வாங்கி வந்து கரைத்து ஊற்றினார். அதுவும் அப்படியே கிடந்தது. கோபத்தில் பேக்கரிக்குப் போய், பத்து பேர் பார்க்க, செத்த ஈஸ்ட்டைக் கொடுத்து ஏமாற்றியதாகச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் சுப்பிரமணி கையில் ஒரு பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றான்.

"ஏனுங்க, இதே ஈஸ்ட்லதான் இன்னைக்கு பன்னு போட்டனுங்க. உங்க ஊட்லயே பாத்துருவம். அக்கா, வெதுவெதுன்னு சர்க்கரைத் தண்ணி ஒரு டம்ளர் குடுங்க."

ஜெயமேரி கலக்கிக் கொடுத்தாள். அவன் ஈஸ்ட்டைத் தூவினான். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பல் நிறத் துகள்கள் மெல்ல அடியில் போய்ப் படிந்தன.

"பாத்தியா?" என்றார் ஜேசுதாஸ்.

சுப்பிரமணி முகம் கறுத்தது. டம்ளரை எடுத்து முகர்ந்தான். பக்கத்து வீட்டு அருக்காணியிடம் போய், அவள் டம்ளரில் அவள் வீட்டுத் தண்ணீரிலேயே சர்க்கரை கலந்து வாங்கி வந்தான். அதே பொட்டலத்திலிருந்து தூவினான். கொஞ்ச நேரத்தில் மேலே வெள்ளையாக ஒரு படலம் கட்டியது. அது புடைத்து, நுரையாகி, விளிம்பு வரை ஏறியது.

ஜெயமேரி பக்கெட்டைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் சொல்லுமுன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கிருமியக் கொல்ற மருந்துக்கு இது கிருமி, இது ஈஸ்ட்டுன்னு தெரியுமுங்களா? அதுவும் உசிருதானுங்க," என்றான் சுப்பிரமணி தணிந்த குரலில்.

ஜேசுதாஸ் அவனிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு வந்தார். அவள் பக்கெட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இதக் கொட்டச் சொல்லாதீங்க."

"நான் சொல்லல. கழுவுன பொறவு கொதிக்கவச்ச தண்ணில அலசலாமில்ல? குடிக்கறதுக்கும் அதுவே போதும் மேரி. ஆஸ்பத்திரில அப்படித்தான செய்யறீங்க?"

"அங்க இருக்கறது என் புள்ளையில்ல."

அவர் அடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆறும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். வேறொரு ஜாடியை அவளே அலசினாள். நாளாகி நெடி போயிருந்த திராட்சைச் சாற்றை அதில் மாற்றி, ஆறிய தண்ணீரில் கரைத்த புது ஈஸ்ட்டைச் சேர்த்தார்கள். மறுநாள் துணியை விலக்கினால் உள்ளே சளசளவென்று சத்தம். ஜேசுதாஸ் சிரித்தார். அவளுக்கு அந்தச் சத்தம் பயமாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்குச் சனம் வந்தது. ஒயின் லேசாகப் புளித்தாலும் சுப்பிரமணி இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தான். கூட்டத்தில் அருக்காணியின் மகள் வந்து சேலையை இழுத்தாள்.

"அத்தை, தண்ணி."

ஜெயமேரி பவுடர் டப்பாவைப் பார்த்தாள். கொதித்து ஆறிய தண்ணீரை அப்படியே மொண்டு கொடுத்தாள். குழந்தை குடித்து முடிக்கும்வரை அதன் தொண்டையையே பார்த்திருந்தாள்.

விடிந்ததும் விடியாததுமாக அருக்காணி வீட்டு வாசலில் போய் நின்றாள். குழந்தை பல்கூடத் துலக்காமல் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தது.