ஒரு வாரம் தடவ வேண்டிய களிம்பு

திருப்பதிக்குக் குடிவந்த புதிதில் என்னைத் திகைக்கவைத்த சொல் ‘ராயண்டி’. வங்கியில் படிவத்தை நீட்டி ராயண்டி என்றார்கள், எழுதினேன். சில நாள் கழித்துக் காய்கறிக்கடைக்கார அம்மாள், கத்தி கீறிய என் விரலைப் பார்த்துவிட்டு ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை நீட்டி அதே ராயண்டியைச் சொன்னார். மஞ்சளை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று விழித்தேன். தெலுங்கில் எழுதுவதும் தடவுவதும் ஒரே சொல் என்று புரிந்தபோது நானே சிரித்துக்கொண்டேன். தென்காசிக்காரிக்கு இங்கே பாதிப் பேச்சு தெரிந்ததுபோலவே கேட்கும். அந்தப் பாதியை நம்பித்தான் ஏமாந்தேன்.

என் கணவருக்கு ஸ்ரீசிட்டியில் வேலை. விடியும்போது கம்பெனி பஸ் ஏறுபவர் இருட்டிய பிறகுதான் திரும்புவார். ஐந்து வயது மகள் கயலின் பள்ளி, காய்ச்சல், சளி எல்லாம் என் பொறுப்பு. வந்த முதல் பனிக்காலத்தில் அவளுடைய முழங்கை மடிப்புகளிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் சிவந்து, சொரசொரத்து, சொறிந்து சொறிந்து நீர் கசிந்தது. எங்கள் ஊரில் கரப்பான் என்போம். தோல் டாக்டரிடம் போனேன். திருப்பதியில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும். அந்த இளம் டாக்டர் மீதிப் பாதியைச் சேர்ந்தவர், வடக்கே விஜயநகரம் பக்கத்துக்காரர். மென்மையான ஸ்டீராய்டு களிம்பு ஒன்றை எழுதிக்கொடுத்துவிட்டு, தன் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடுவரை தொட்டுக் காட்டினார். “பல்ச்சகா ராயண்டி. ரெண்டு பூட்டலா. வாரம் சாலு.” மெல்லிசாக, இரண்டு வேளை என்பதுவரை பிடித்துக்கொண்டேன். கடைசிச் சொல்லில்தான் வழுக்கினேன். ‘சாலா’ என்றால் நிறைய என்று கடைத்தெருவில் கற்றிருந்தேன். அவர் சொன்னது ‘சாலு’, போதும். ஒரு வாரம் போதும் என்று அவர் சொன்னதை, வாரக்கணக்கில் தடவச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான்காம் நாளே சிவப்பு அடங்கிவிட்டது. பிள்ளை சொறியாமல் தூங்கினாள். அந்த நிம்மதியில் நான் நிறுத்தவே இல்லை. டியூப் தீர்ந்தபோது தெருமுனை மருந்துக்கடையில் அந்தக் களிம்பு இல்லை. வெறுங்கையோடு திரும்பிய என்னைக் கீழ்வீட்டு சலோமி அக்கா பார்த்தார்.

சலோமி அக்கா சித்தூர்ப் பக்கம் குடிபாலாவில் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாகத் தமிழில் ஜெபிக்கும் குடும்பம். ஞாயிறு ஆராதனையில் முதல் வரிசையில் நின்று பாட்டை எடுத்துக்கொடுப்பவர் அவர்தான். ஐம்பதை நெருங்கியும் கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில் பளபளக்கும். அந்த நிறத்தைப் பார்த்து நான் ஏங்கியதுண்டு. ஊர்விட்டு வந்த எனக்கு முதல்முதலாகச் சோறு போட்டவர். அவர் சொன்னால் மறுகேள்வி கேட்கமாட்டேன்.

“இன்னாமா, கெடைக்கலையா? இந்தா, எங்கிட்ட கீது. நானு நாலு வருசமா மூஞ்சிக்குத் தடவிக்கினுதான் கீறேன். இன்னா ஆச்சு எனக்கு? கொழந்திக்கிப் போடு.”

போட்டேன். காலையும் மாலையும், விரல்நுனி அளவெல்லாம் மறந்து, கைநிறைய எடுத்து. கன்னத்தில் ஒருநாள் லேசாகச் சொரசொரப்பு தெரிந்தபோது அங்கேயும் போட்டேன். யார் கேட்டாலும் அருமையான மருந்து என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். பள்ளிக்குக் கிளப்பும்போது கயலின் கையை வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தேன். முழங்கை மடிப்பில் தோல் சிகரெட் அட்டைக்குள் இருக்கும் தாளைப்போல மெலிந்து மினுங்கியது. அடியில் ஓடும் நரம்புகள் நீலமும் சிவப்புமாகத் தெரிந்தன. இரண்டு கோடுகள், பிரசவத்துக்குப் பிறகு என் வயிற்றில் விழுந்ததைப்போன்ற கோடுகள், ஐந்து வயதுக் கையில். வாயைச் சுற்றிச் சின்னச்சின்னச் சிவப்புப் பருக்கள். என் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. “ஏம்மா அழற?” என்று அவள் கேட்ட பிறகுதான் அழுகிறேன் என்பதே தெரிந்தது.

இந்த முறை பேச்சுத் துணைக்கு சலோமி அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கயலின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் நீட்டிய டியூபை வாங்கி அதிலிருந்த பொடி எழுத்துகளைப் படித்ததும் அவர் முகம் மாறியது. “எவரிதி இதி?” என்றார். யாருடையது என்று கேட்கிறார் என எனக்கே விளங்கியது. அக்கா மெல்லக் கையை உயர்த்தினார்.

டாக்டர் பேசப் பேச அக்கா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். “மொதல்ல அவரு குட்த்தது லேசானதாம். ஒரு வாரம் போட்டுட்டு நிறுத்தணுமாம். இது ரொம்ப ஸ்ட்ராங்காம், கொழந்திங்களுக்கு ஆவாதாம். மூஞ்சிக்குப் போடவே கூடாதாம்…” அந்த இடத்தில் அவர் குரல் நின்றது. டாக்டர் இப்போது கயலைப் பார்க்கவில்லை. மேசையில் குனிந்து அக்காவின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மீரு எந்தகாலங்கா வாடுதுன்னாரு?”

எத்தனை காலமாக வாடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று என் காதில் விழுந்தது. எத்தனை காலமாக உபயோகிக்கிறீர்கள் என்பதே அதன் பொருள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அக்கா என் பக்கம் திரும்பினார். மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பழக்கத்திலேயே, “எவ்ளோ நாளா போட்டுக்கினு கீறீங்கன்னு கேக்கறாரு,” என்றார். பிறகு, “என்னையத்தாம்மா கேக்கறாரு,” என்றார்.

டாக்டர் ஒரு சிறு கண்ணாடியை எடுத்து நீட்டினார். நான் ஏங்கிய அந்த ரோஜா நிறம், தோல் மெலிந்து உள்ளே சிவப்பு நரம்புகள் வலைபோலத் தெரிந்ததால் வந்த நிறம். கன்னத்தில் மங்கு விழுந்ததென்று பியூட்டி பார்லரில் யாரோ கொடுத்த டியூபில் தொடங்கியதாம். நிறுத்தினால் முகம் எரிந்ததாம். எரிச்சல் அடங்கத் திரும்பவும் தடவியிருக்கிறார். நான்கு வருடம். யாரைக் கோபித்துக்கொள்வது? அன்போடு கொடுத்தவரையா, கேட்காமல் பூசிய என்னையா?

எல்லாக் களிம்பையும் குப்பையில் போடுகிறேன் என்றேன். டாக்டர் தலையசைத்து மறுத்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் சொன்னார்: “பயந்துக்கினு சும்மா உட்டாலும் தப்புதானாம். லேசான களிம்பு, செவந்த எடத்துல மட்டும், மெல்லிசா, அவரு சொன்ன நாளு மட்டும். அடங்கலன்னா நீயா இழுக்காம அவர வந்து பாக்கணுமாம்.” தினமும் குளித்தவுடன் ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தாராளமாகப் பூசவேண்டும், தோலில் சீழ் பிடித்திருந்தால் ஸ்டீராய்டைத் தொடக்கூடாது, ஒருவருக்கு எழுதிய டியூப் இன்னொருவருக்குப் போகக்கூடாது என்றும் சொன்னார். இந்த முறை ஒவ்வொன்றையும் தமிழில் எழுதி, அக்காவிடம் படித்துக் காட்டிய பிறகே எழுந்தேன்.

கயல் குழந்தை, அவள் தோல் சில மாதங்களில் தேறியது. அந்த இரண்டு கோடுகள் மட்டும் வெளுத்துப்போய் இன்னும் இருக்கின்றன, போகாது என்றார் டாக்டர். அக்காவின் பாடுதான் பெரிது. டாக்டரின் கண்காணிப்பில் களிம்பைக் கைவிட்டபோது முகம் வீங்கி, சிவந்து, செதில் செதிலாக உரிந்தது. இரண்டு ஞாயிறுகள் ஆராதனைக்குப் போகவில்லை. மூன்றாம் ஞாயிறு நான் கீழே இறங்கிப்போய், “வாங்கக்கா, நானும் வாறேன்,” என்றேன். “இந்த மூஞ்ச வெச்சிக்கினா?” என்றார். ஆனாலும் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். முக்காட்டை விலக்கி முதல் வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து முணுமுணுப்பு எழுந்தது. சபை முடிந்ததும், முகம் ஏன் இப்படி ஆனது என்று கேட்டவர்களிடம் அக்கா டியூபைப் பற்றி ஒளிக்காமல் சொன்னார். பிறகு இரண்டு பெண்கள் ஒதுக்குப்புறமாக வந்து, தங்கள் கைப்பையைத் திறந்து, ஆளுக்கொரு டியூபை எடுத்துக் காட்டி, “இதுவா, பாரு” என்று அக்காவிடம் கேட்டார்கள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தார்.

கோடை விடுமுறைக்குத் தென்காசி போயிருந்தோம். சாரல் இறங்கிய வாரம். ஊர்த்தண்ணீரும் ஈரக்காற்றும் பட்டு ஐந்தே நாளில் கயலின் தோல் வெண்ணெய்போல ஆகிவிட்டது. அங்கே அவளுக்கு எந்தக் களிம்பும் தேவைப்படவில்லை. “பாத்தியா, நம்ம ஊரு அவ ஒடம்புக்கு ஒத்துக்கிடுது. பேசாம இங்கயே வந்துருங்க,” என்றான் என் அண்ணன். நான் அவளைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஈரத்தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டாள்:

“அம்மா, எப்போ ஊட்டுக்குப் போறோம்? சலோமி பெரிம்மா தேடிக்கினு இருப்பாங்க.”

“இதுதாம்ட்டி உன் வீடு,” என்று சிரித்தான் அண்ணன். அவள் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் குணமாகிவிட்ட அந்தக் கையைத் துவட்டிக்கொண்டே இருந்தேன்.