மூச்சு இருபது

நாங்க நர்ஸா வேலை பாக்கற வார்டுல அவங்களுக்கு ரயிலக்கான்னு பேரு. அவங்களோட வேகமான நடையப் பார்த்து வெச்ச பேரு. பத்தொன்பது வருஷம் நின்ன காலு, இப்ப முட்டி ரெண்டும் போயிடுச்சு. உட்கார்ந்து பாக்கற வேலைன்னா நர்சிங் காலேஜ்ல பாடம் நடத்தறதுதான். அதுக்கு மேல்படிப்பு வேணும், படிப்புக்கு ஆராய்ச்சி வேணும், ஆராய்ச்சிக்குத் தலைப்பு வேணும். அங்கதான் மாட்டிக்கிட்டாங்க.

மூணு தலைப்பு கொண்டுபோனாங்க. தூக்கம் வராத நோயாளிங்க, கை கழுவறது, படுக்கைப் புண்ணு. கைடு மேடம் மூணையும் ஓரங்கட்டிட்டாங்க. "அரைச்ச மாவையே அரைக்கறியேம்மா. உன் வார்டுல நீ பார்த்தது எதுவுமே இல்லையா?" வெள்ளிக்கிழமைக்குள்ள தரலேன்னா படிப்புக்கான பதிவே ரத்து. "போடி, நான் பார்த்ததெல்லாம் என் கால்வலியத்தான்"னு அக்கா டீயக் குடிச்சிக்கிட்டே என்கிட்ட அலுத்துக்கிட்டாங்க.

புதன்கிழமை, சார்ட் எழுதற பத்து மணி ரவுண்டு என்னோடது. பதினொண்ணுக்கு அக்கா போனப்ப, ஏழாம் பெட்ல இருந்த டெய்லரு கட்டில்ல தொங்கற சார்ட்டப் படிச்சிட்டுக் கேட்டிருக்காரு: "காய்ச்சல் பார்த்தாங்க, பிரஷர் பார்த்தாங்க. மூச்சு இருபதுன்னு போட்டிருக்கே, அத எப்பம்மா அளந்தாங்க?"

அக்காவுக்குச் சுருக்குன்னுச்சாம். யாரு அளந்தா? மூச்சுன்னா நிமிஷத்துக்கு இருபது. எல்லா சார்ட்லயும் இருபது. நானும் அப்படித்தான், அக்காவும் அப்படித்தான். சொல்லவே வெக்கமாத்தான் இருக்கு. ஆனா நாப்பது பேருக்கு ரெண்டு பேரு ஓடற எடத்துல, ஒருத்தர் பக்கத்துல ஒரு நிமிஷம் சும்மா நிக்க யாரால முடியும்?

அக்கா கைக்கடிகாரத்தப் பார்த்து எண்ணினாங்க. முப்பத்தாறு. அரை மணி நேரத்துல அவர ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கிட்டு ஓடினோம். நல்லவேளை, பொழச்சிட்டாரு.

"கெடைச்சிடுச்சுடி!"ன்னாங்க சாயங்காலம். மூச்ச எண்ணாமலே எழுதறதப் பத்தித்தான் ஆராய்ச்சி. கைடு மேடம் போன்லயே சரின்னுட்டாங்களாம். எத்தன நாளைக்கு அப்புறம் அக்கா முகத்துல சிரிப்பு!

"அக்கா, ஏழாம் பெட் சார்ட்டும் அதுல வருமா?"

"அதுலேர்ந்துதானே தொடங்கணும். பேரெல்லாம் போட மாட்டேன்."

"பத்து மணிக்கு இருபது, பதினொண்ணுக்கு முப்பத்தாறு. பேர வேற போடணுமாக்கா? ஆஸ்பத்திரிக்கே தெரிஞ்சிடும். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல."

அக்கா முட்டியத் தேய்ச்சிக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம், "சரி விடு. வேற பாத்துக்கலாம்"னாங்க.

வேற என்னத்தப் பார்க்கறது, ஒரு நாள்ல? "பரவாயில்லக்கா, எழுதுங்க"ன்னு சொல்லிடணும்னு வியாழக்கிழமை பூரா அவங்க பின்னாடியே சுத்தினேன். வாயத் தொறந்தா, பஞ்சு எங்கக்கா இருக்குன்னுதான் கேட்டேன். வெள்ளிக்கிழமை வந்துச்சு, போச்சு. பதிவு ரத்தாயிடுச்சு.

போன மாசம் என்னை நிரந்தரமாக்கினாங்க. ஆர்டர் வந்த அன்னிக்கு, வார்டோட அந்தக் கோடியிலேர்ந்து நொண்டி நொண்டி நடந்து வந்து முதல்ல என் கையப் பிடிச்சது அக்காதான்.