தூண்டில் நரம்பில் ஒரு மஞ்சள்

தெய்வானைக்குக் கடல் என்றால் முழங்கால் வரைதான். புது வருஷ விடுமுறையில், ஜனவரி இரண்டாம் தேதி, ஊரே வண்டி பிடித்துக் கடற்கரைக்குப் போகும்போது அவளும் போவாள். சவுக்கு நிழலில் அடுப்பு மூட்டிச் சோறு வடித்து, வந்தவர்களுக்கெல்லாம் போட்டு முடித்து, சாயங்காலம் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் நனைய நின்றுவிட்டு வருவாள். கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்தவள். அங்கே மேட்டில் ஏறி நின்றால் தூரத்தில் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரியும், அவ்வளவுதான். தீவில் பிறந்து நாற்பத்தேழு வயதாகியும் நீச்சல் தெரியாது. அதில் அவளுக்கு வெட்கமும் கிடையாது. "நீந்தத் தெரிஞ்சவதான் ஆழத்துக்குப் போவா. எனக்கு எதுக்கு அந்த வம்பு?" என்பாள்.

அப்படிப்பட்டவள் 1966 டிசம்பரில் ஒரு நாள் முழுக்கப் படகில் போய்வரச் சம்மதித்தாள் என்றால், அதற்குக் காரணம் அவள் புருஷனின் வயிறு.

மருதமுத்து பிளேசான்ஸ் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவர். பிளேன் மாக்னியன் ஊரிலுள்ள அவர்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடும் தூரம். அடுத்தவர் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி அந்த வருஷம் ஆடியில் அவருக்குக் குடல் இறங்கிவிட்டது. முதலில் எண்ணெய் தடவிப் பார்த்தார், பிறகு துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். கடைசியில் டாக்டர், அறுத்துத் தைக்காவிட்டால் ஒருநாள் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று சொல்லித் திங்கட்கிழமைக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்.

அவரோடு பெட்டி தூக்கிய ஆல்பெருக்கும் இதே வியாதிதான். சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனவன் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எடுக்காததனாலேயே அது சாப்பாட்டு நேரத்தில் கூடவே உட்கார்ந்திருந்தது.

நாள் குறித்த பிறகுதான் மருதமுத்துவின் கண் சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கிய மாஸ்க் மேல் போயிற்று. பெட்டியின் எடை கூடிப்போனதென்று ஒரு வெள்ளைக்காரப் பயணி அவர் கையில் திணித்துவிட்டுப் போனது அது. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி, பக்கத்தில் மூச்சு விட ஒரு வளைந்த ரப்பர் குழாய்.

"எங்கிருந்தோ ஏரோப்ளேன் ஏறி வந்து நம்ம தண்ணிக்குள்ள தலைய விட்டுப் பாத்துட்டுப் போறானுங்க. நாம அவனுங்க பொட்டியத்தான் பாத்தோம்" என்றார். "திங்கக்கிழமைக்கு முன்னாடி ஒருதரம் போயிட்டு வந்துடலாம், தெய்வானை."

"டாக்டரு உங்களத் தண்ணில இறங்கக் கூடாதுன்னாரே."

"நான் எங்க இறங்குறேன்? நீ இறங்கு. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

"நானா?"

"சந்தைக்குப் போயிட்டு வந்தாலே ஒரு மணி நேரம் கதை சொல்றவ நீ. கடலுக்குள்ள போயிட்டு வந்தா எனக்கு ஆஸ்பத்திரில இருக்கிற நாள் பூரா ஓடிடும்."

அவள் சரி என்றது அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான். ஆஸ்பத்திரியில் பல நாள் படுத்திருப்பேன், அதாவது பிழைத்திருப்பேன் என்று அவர் தன் வாயால் சொன்ன முதல் தடவை அது.

படகு ஜில்பெருடையது. அவன் அடுத்த வீட்டு ஜோசெட்டின் தம்பி, புளூ பே கடற்கரையில் மீன் பிடிப்பவன். சனிக்கிழமை விடியற்காலையில் ஜோசெட்டும் சேர நான்கு பேராகக் கிளம்பினார்கள். ஜோசெட்டும் தெய்வானையும் ஒருத்தியை ஒருத்தி 'கொமேர்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கிரியோலில் தோழி என்று அர்த்தம். வீட்டிலும் தெருவிலும் எல்லாருக்கும் பேச்சு கிரியோல்தான். தெய்வானை வீட்டில் தமிழ் கோயிலுக்கும், உறவுமுறைக்கும், கோபத்துக்கும்.

கூடையில் டால் பூரி, தக்காளி வதக்கிய ரூகாய், நிலக்கடலைச் சட்டினி, ஃபிளாஸ்கில் தேத்தண்ணீர். அதற்கெல்லாம் மேலே ஒரு சின்னத் துணி முடிச்சு: வெற்றிலை, கற்பூரம், இரண்டு விரலி மஞ்சள். கங்கையம்மாவுக்குச் சொல்லாமல் தெய்வானை கடலில் கால் வைக்கமாட்டாள். போகும்போது ஒரு மஞ்சள், பத்திரமாகத் திரும்பி வந்ததும் ஒரு மஞ்சள்.

கரையில் வெற்றிலை மேல் கற்பூரம் வைத்துக் கொளுத்தினாள். காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினாள். மறுபடி அணைந்தது. அவள் முகம் மாறுவதைப் பார்த்த ஜில்பெர் தன் பனையோலைத் தொப்பியைக் கழற்றிக் காற்றை மறைத்துப் பிடித்தான். வெற்றிலை மஞ்சளோடு மிதந்து போனதும் அவனும் சிலுவை போட்டுக்கொண்டான்.

"ரெண்டு பக்கமும் சொல்லி வச்சாச்சு" என்றான். "ஏறுங்க மதாம்."

பாய் விரிந்தது. பாறைத் திட்டு ஒரு மதில்போல அலையைத் தூரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தது. வெளியே அது வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல இருந்தது. மருதமுத்து வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தெய்வானை படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"கொமேர், கொஞ்சம் விடு. படகு எங்கயும் ஓடிடாது" என்றாள் ஜோசெட்.

"நான் விட்டா நீ பிடிப்பியா?"

தென்னை நிற்கும் சின்னத் தீவுக்குப் பக்கத்தில், அடியில் பவளம் தெரியும் இடத்தில், ஜில்பெர் நங்கூரம் போட்டான். தெய்வானை பழைய கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். காற்றடித்த லாரி டியூபைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஜோசெட் முதலில் குதித்துக் கையை நீட்டினாள். தெய்வானை முருகனையும், பெற்ற தாயையும், ஜில்பெரையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கி, டியூபைக் கட்டிக்கொண்டாள். மாஸ்க்கை மாட்டியதும் உலகம் ரப்பர் நாற்றமாக நாறியது. கண்ணை மூடிக்கொண்டு தலையை உள்ளே விட்டாள். பிறகு திறந்தாள்.

கீழே ஒரு தெரு. கிளை கிளையாகப் பவளம், அதற்கு நடுவே மணல் சந்து, சந்துக்குள் மஞ்சள் பட்டை போட்ட மீன்கள் ஏதோ கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டதுபோலக் கூட்டமாகத் திரும்பின. பச்சையும் ரோஜாவுமாக ஒரு கிளிமீன் பாறையைக் கடித்தது. கடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. 'கேக்குதே!' என்று சொல்ல வாயைத் திறந்தாள். குழாய் நழுவி வாய் நிறைய உப்புத் தண்ணீர்.

கையும் காலும் அடித்துக்கொண்டு மேலே வந்தவள், மூச்சு முட்டி மாஸ்க்கைப் பிய்த்து இழுத்தாள். அதன் வார் கழுத்துக்கு இறங்கி எதிலோ மாட்டிக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தாள்.

ஆடி பிறந்தால் தாலிக்கயிறு மாற்றுவது அவள் வழக்கம். இந்த ஆடியில்தான் அவருக்குக் குடல் இறங்கியது. மனசு சரியில்லாத நேரத்தில் புதுக்கயிறு வேண்டாம், எல்லாம் நல்லபடியாக முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தாள். நைந்துபோன கயிறு ஒரே இழுப்பில் அறுந்தது. கண்ணெதிரே ஒரு பொன் மினுக்கு. பிறகு இல்லை.

இருமல் அடங்கியதும் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. "தாலி" என்றாள். அதை மட்டும் தமிழில்.

ஜில்பெர் சட்டையோடு குதித்தான். ஜோசெட்டும் முங்கினாள். பவளத்தில் ஆயிரம் பொந்து. அதற்கு மேல், பாறைத் திட்டின் இடைவெளிப் பக்கமாக இழுக்கும் நீரோட்டம் வேறு. முங்கி முங்கி ஜில்பெரின் விரல் நுனியெல்லாம் கிழிந்து ரத்தம் வந்தது. கடைசியில் அவன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். யாரையும் பார்க்காமல் ஆட்டினான்.

தெய்வானை ஈரக் கவுனோடு படகில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"திங்கக்கிழமை போக வேண்டாம்."

"தெய்வானை..."

"போக வேண்டாம். துணியால கட்டிக்கிட்டு இப்படியே இருங்க. வேலைக்கும் போக வேண்டாம். நான் பாத்துக்கிறேன்."

"குடல் முறுக்கிக்கும்னு டாக்டரு சொன்னது மறந்துபோச்சா?"

"கழுத்துல ஒண்ணுமில்லாம உங்கள அந்த மேசைக்கு அனுப்புவேன்னு நெனச்சீங்களா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ தளர்ந்தது. அதை அவள் நன்றாகவே பார்த்தாள். போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்கிற ஆறுதல் அது. இத்தனை நாள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனுஷனுக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். அவள் வேண்டாம் என்று இன்னும் ஒருதரம் சொன்னால் போதும், அவர் போகமாட்டார். பிறகு ஒருநாள் குடல் முறுக்கிக்கொள்ளும்.

அவள் துணி முடிச்சை எடுத்தாள். அதில் ஒரு மஞ்சள் மிச்சமிருந்தது.

"நம்ம கல்யாணத்துல முதல்ல எதக் கட்டினீங்க?" என்று கேட்டாள்.

அவர்கள் கல்யாணம் 1937 ஆவணியில். கூலி கேட்டுத் தோட்டத்து ஆட்கள் வேலையை நிறுத்தியிருந்த சமயம், சாலையெல்லாம் போலீஸ். தலைநகர் போர்ட் லூயிஸில் ஆசாரியிடம் கொடுத்திருந்த தங்கம் வந்து சேரவில்லை. முகூர்த்தம் தப்பக்கூடாதென்று விரலி மஞ்சளைக் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டார்கள். தங்கம் வந்தது தீபாவளிக்குத்தான்.

"மஞ்சள்" என்றார் மருதமுத்து. "எங்கம்மா சாகிற வரைக்கும் அதச் சொல்லித்தானே உன்னக் குத்திக்கிட்டு இருந்தாங்க."

"குத்தினாலும் அது தாலிதானே? கட்டுங்க."

கயிறு இல்லை. ஜில்பெர் தன் தூண்டிலின் நைலான் நரம்பில் ஒரு முழம் வெட்டினான். மஞ்சளின் நடுவில் கத்தியால் மெல்லப் பள்ளம் கீறி நரம்பைச் சுற்றிக் கொடுத்தான். மருதமுத்து எழுந்து, ஆடுகிற படகில் வயிற்றைப் பிடித்தபடி அவள் பின்னால் மண்டியிட்டார். முடிச்சுப் போட்டார். வழவழ நரம்பு, அவிழ்ந்தது. மறுபடி போட்டார். மறுபடி அவிழ்ந்தது. ஜில்பெருக்குக் கை துறுதுறுத்தது.

"இப்படி இல்ல. என் கையில குடுங்க, ஒரு நொடி."

"தொடாத ஜில்பெர்!" தெய்வானை திரும்பாமலே அலறினாள். "நீ கட்டினா நான் உனக்குப் பெண்டாட்டி!"

ஜில்பெர் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டான். "ஆயோ! இருக்கிற ஒருத்தி போதும் மதாம்!"

ஜோசெட் படகே குலுங்கச் சிரித்தாள். மருதமுத்து வலிக்கிறது வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது தெய்வானைக்கு ஒன்று தோன்றியது.

"முதல் முடிச்சு அவரு போட்டாப் போதும். மிச்ச ரெண்டும் மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சி போடலாம். கொமேர், நீ என்னைக்காவது இவர அண்ணேன்னு கூப்பிட்டிருக்கியா?"

"இன்னைக்கிலேர்ந்து கூப்பிடுறேன். நகரு அண்ணே" என்றாள் ஜோசெட். அவர் போட்ட முதல் முடிச்சை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மீன்காரர் வீட்டுப் பெண்ணின் இரண்டு முடிச்சுகளை மேலே போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினாள். "சுறா இழுத்தாலும் அவிழாது, கொமேர்."

தெய்வானை மஞ்சளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கவுனுக்குள் விட்டுக்கொண்டாள். பிறகு மாஸ்க்கைத் தேடினாள்.

"எதுக்கு? அது கிடைக்காதுன்னு ஜில்பெர் சொல்லிட்டான்ல" என்றார் அவர்.

"அதத் தேட இல்ல. பாதிதான் பாத்தேன். பாதிக் கதைய வச்சு ஆஸ்பத்திரியில உங்கள எப்படி ஓட்டுறது?"

இந்தத் தடவை அவள் முருகனை மட்டும்தான் கூப்பிட்டாள். குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஜோசெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் நிழல் கீழே மணலில் மெல்ல நகர்வதைப் பார்த்தபடி மிதந்தாள். கண் பொன்னைத் தேடத்தான் செய்தது, இல்லையென்று சொல்லமுடியாது. ஆனால் கிளிமீன் ஒன்று குறுக்கே வந்தது, அதன் பின்னால் இன்னொன்று. அவள் தேடுவதை மறந்துவிட்டாள்.

அந்தச் சின்னத் தீவில் சாப்பிட்டு, சவுக்கடியில் படுத்து எழுந்து, சாயங்காலக் காற்றில் திரும்பினார்கள். கரை இறங்கும்போதுதான், திரும்பி வந்ததும் போடவேண்டிய மஞ்சள் இல்லையே என்று தெய்வானைக்கு நினைவு வந்தது.

"கங்கையம்மா தங்கத்தையே எடுத்துக்கிட்டா" என்றான் ஜில்பெர், கிழிந்த விரலை ஊதிக்கொண்டு. "மஞ்சளுக்குச் சண்டைக்கு வரமாட்டா."

திங்கட்கிழமை மருதமுத்து ஆஸ்பத்திரிக்குள் போகும்போது திரும்பிப் பார்த்தார். அவள் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். சாயங்காலம் அவர் கண் விழித்தபோதும் அப்படியேதான் இருந்தாள். விரலில் நீலமாகக் கோடு விழுந்திருந்தது. அவர் உதட்டை நனைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "அப்புறம்?"

"அப்புறமா? சொல்றேன், கேளுங்க" என்று அவள் நாற்காலியை இழுத்துப்போட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் தலையைத் திருப்பினார்கள்.

பொங்கல் வரை தெய்வானை அந்த நரம்போடுதான் கோயிலுக்குப் போனாள். வாயாடிப் பெண்கள் சும்மா விடவில்லை: "என்ன அக்கா, தூண்டில் போட்டா புருஷனப் பிடிச்சீங்க?" தைக்குப் புதுக்கயிறும் அதில் ஒரு குண்டுமணித் தங்கமும் வந்தன.

அடுத்த டிசம்பரில் நால்வரும் மறுபடி போனார்கள். மார்ச்சில் தீவுக்குச் சுதந்திரம், கொடி மாறப்போகிறது என்று ஊரெல்லாம் அதே பேச்சு. படகில் மருதமுத்து அதையெல்லாம் விட்டுவிட்டு மாஸ்க்கை முகத்தில் வைத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் இறங்கலாம் என்றுவிட்டார். டியூபைக் கட்டிக்கொண்டு இறங்கித் தலையை உள்ளே விட்டார், உடனே மேலே வந்தார்.

"நீ சொன்னதுல கால்வாசிகூட இல்லயே! ஒரே இருட்டு!"

தெய்வானை விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்து, கண்ணாடிக்குள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணத் தெறந்தீங்களா?"

அவர் மாஸ்க்கின் வாரை இறுக்கிக்கொண்டார்.

"போங்க" என்றாள். "போய்த் தெறந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க. இந்தத் தரம் நான் கேக்குறேன்."