ஓட்டுச்சாவடியில் சொல்ல வேண்டிய பெயர்

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பேசும் என்பார் என் கணவர். அந்தத் தை மாதம் முழுக்க எங்கள் சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டிருந்தன. எல்லாம் தேர்தலால் வந்த வினை.

அவர் லஸ் பக்கம் ஒரு பெரிய வக்கீலிடம் குமாஸ்தா. அந்த வக்கீல் எங்கள் தொகுதியில் சட்டசபைக்கு நின்றார். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் மனுப் போட்டால் ஓட்டு உண்டு என்று தெரிந்ததும் என் கணவரே காகிதம் கொண்டுவந்து நீட்டினார். கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. கல்யாணத்தின்போது எனக்குப் பதினோரு வயது, தூக்கம்தான் வந்தது.

சில நாள் கழித்து ஆபீஸிலிருந்து வந்தவர், சட்டையைக் கழற்றும்போதே சிரித்தார்.

"எங்க சார் இன்னிக்கு ஒரு வேடிக்கை சொன்னார், கேளு. பொம்மனாட்டிகளுக்கு ஓட்டுக் குடுத்தது ரொம்ப நல்லதாப் போச்சாம். கல்யாணம் ஆனவனுக்கெல்லாம் ரெண்டு ஓட்டாம்!"

"அப்போ என் ஓட்டு உங்களோடதா?"

"பின்னே யாரோடது? நம்மாத்து ஓட்டு ரெண்டும் பச்சைப் பெட்டிக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அப்போதெல்லாம் வேட்பாளருக்கு ஒரு நிறமாகப் பெட்டி வைத்திருப்பார்கள். திரைக்குப் பின்னால் போய், வேண்டியவருடைய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். வக்கீலுக்குப் பச்சை. அவரை எதிர்த்து நின்ற பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சிவப்பு. வாத்தியாரைப் பற்றி எனக்கு அதுவரை ஒரு நினைப்பும் கிடையாது. அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

"நான் என் இஷ்டப்படிதான் போடுவேன்" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "ஆத்துல அடுப்பு எரியணுமா, வேண்டாமா?"

"திரைக்குப் பின்னாடி வந்து யார் பார்க்கப்போறா?"

"நீ போட்டதை யாரும் பார்க்கமாட்டா. சார் என் மூஞ்சியைப் பார்ப்பார். எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுத் தூங்கிவிடலாம்.

இந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு மாமி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அவள் ஒரு தரம் முனிசிபல் தேர்தலில் ஓட்டுப் போடப் போனவள். பட்டியலில் பெண்ணின் பெயருக்கு நேரே புருஷன் பெயர் இருக்குமாம். அதை அவள் வாயாலேயே சொன்னால்தான் சீட்டுக் கொடுப்பார்களாம். மாமி, "மலைமேல நிக்கற பெருமாள் பேர்" என்று ஜாடையாகச் சொன்னாளாம். "பெருமாளுக்கு ஆயிரம் பேர் அம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"ஆம்படையான் பேரைச் சொல்லி ஓட்டு வாங்கணுமா? போடான்னு வந்துட்டேன்!" என்றாள் பெருமையாக.

பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. கூப்பிட வேண்டுமென்றால் "ஏன்னா", பிறரிடம் பேசினால் "ஆத்துல அவர்". புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்திருந்தார்கள். அவருக்கோ பனிக்காலத்தில் இழுப்பு வரும். மார்பில் பூனை உறுமுவது சமையலறை வரை கேட்கும். ஒரு ஓட்டுக்காக அவர் ஆயுசில் கை வைக்கிறதா? ஓட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று தோன்றும். உடனே, "கல்யாணம் ஆனவனுக்கு ரெண்டு ஓட்டு" என்பது காதில் விழும். அரிவாள்மணையில் கையை வெட்டிக்கொள்வேன்.

கீரைக்காரியிடம் சொல்லிப் புலம்பினேன். கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாம்மா இது, பேரைச் சொன்னா பூடுமா உசுரு? எங்க ஆளு பேரை நான் தெனம் நாலு தபா தெருவுல நின்னு கூவிக்கினுதான் கீறேன். அது கல்லாட்டம் கீது!"

"எங்காத்து அவருக்கு இழுப்பு இருக்கேடி."

"அதுக்குக் கசாயம் வெச்சுக் குடும்மா. பேரு இன்னா பண்ணும்?"

அவள் சொன்னது சரிதான் என்று புத்திக்குப் பட்டது. மனசு கேட்க வேண்டுமே!

தேர்தலுக்கு முதல் நாள் கொல்லைப்பக்கம் கிணற்றடியில் நின்று சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்து வந்தது. அதற்குள் கூடத்தில் அவர் இருமினார். பாதியில் விழுங்கிவிட்டேன்.

உள்ளே போனபோது அவர் என்றுமில்லாத கனிவோடு, "நாளைக்கு நீ வராதேயேன். அங்கே என் பேர் கேட்பா. உன்னால சொல்ல முடியாது. நாலு பேர் முன்னாடி எதுக்கு அவமானம்?" என்றார்.

ஆக, அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். நான் கஷாயத்துக்குச் சுக்கைத் தட்டினேன். உரல் உடைகிற மாதிரித் தட்டினேன்.

மறுநாள் காலையிலேயே அவர் கிளம்பிப் போய்விட்டார். எங்கள் தெருக் கோடிப் பள்ளிக்கூடம்தான் சாவடி. பெண்கள் வரிசையில் ஒன்பது பேருக்குப் பின்னால் நின்றேன். உள்ளே போனதும் எனக்குத் திக்கென்றது. அதிகாரியின் மேஜைக்குப் பக்கத்துப் பெஞ்சில், வக்கீலின் ஏஜெண்டாக, சட்டையில் பச்சை ரிப்பன் குத்திக்கொண்டு என் கணவர் உட்கார்ந்திருந்தார். ஓட்டுப் போட வருகிறவர்களை அடையாளம் சொல்வது அவர் வேலையாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதிகாரி என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"புருஷன் பேர்?"

புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தாள்.

"சொல்லுங்கம்மா, நேரமாகிறது." அதிகாரி பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "இந்த அம்மாவை உங்களில் யாருக்காவது தெரியுமா?"

என் கணவர் தலை நிமிரவில்லை. பட்டியலில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். பிறகு இன்னொரு பக்கம். கன்னத்தில் வேர்வை ஓடிற்று. நேற்று ராத்திரி நான் கொடுத்த கஷாயத்தைக் குடித்த மனுஷர்! பத்தொன்பது வருஷம் உப்புப் போட்டவளைத் தெரியவில்லையாம்.

"தெரியாதென்றால் அடுத்தவங்க வாங்க" என்றார் அதிகாரி.

சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். அது கொல்லைக்கும் வாசலுக்கும் கேட்கிற குரலில் வந்தது. அவருடைய பெயர், முழுசாக.

"என்னடி?" என்று அவர் விலுக்கென்று நிமிர்ந்தார்.

அறை முழுதும் சிரித்தது. எதிர்க்கட்சி ஏஜெண்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதற்குமேல் சாட்சி வேண்டாம்" என்று பட்டியலில் கோடு போட்டுச் சீட்டைக் கொடுத்தார். என் கணவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திரைக்குப் பின்னால் போனேன். வெளியே அவர் இரும ஆரம்பித்தார். நிற்காமல் இருமினார். தெய்வமே, அவரை நன்றாக வை, சொன்னது நான், தண்டனை எனக்குக் கொடு என்று வேண்டிக்கொண்டே சீட்டைச் சிவப்புப் பெட்டியில் போட்டேன்.