இன்னொரு ஊசி

தொண்ணூறுகளின் கடைசியில், கோயம்புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவரைச் சந்தித்தேன். அந்தியூர்ப் பக்கத்து விவசாயி. காய்ந்த முகம், வெளுத்த பச்சைத் துண்டு. அவர் மனைவிக்கு உள்ளே மூளை ஸ்கேன் நடந்துகொண்டிருந்தது. அடுத்தது நான். உள்ளே இயந்திரம் டம்டம்மென்று இடிக்கும்போதெல்லாம் அவர் கை துண்டின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தது. உலோகம் கூடாதென்று கழற்றிக் கொடுத்த தாலி அதற்குள் இருந்தது. நான் இடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இடி நின்றது. நர்ஸ் ஊசியோடு உள்ளே போனாள்.

“அது வைத்தியம் இல்லைங்க. படத்துல கட்டி தெளிவாத் தெரியறதுக்குப் போடற மருந்து, அவ்வளவுதான்” என்றேன்.

“தெரியுமுங்க. கட்டி இருக்குதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. எத்தன பெருசுன்னுதான் பாக்கறாங்க. அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. ஊசி போட்டா நோவு போயிரும்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். இல்லாட்டி ஊட்ட உட்டே வரமாட்டேன்னுட்டா.”

அரை மணி கழித்து அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

“ஏனுங்க, பாதி நோவு போயிருச்சுங்க! இன்னொரு ஊசி போடச் சொல்லுங்க, மிச்சமும் போயிரட்டும்.”

“கேட்டுப்போட்டு வாரேன் அம்மணி” என்று பணம் கட்டும் கவுண்டர் வரை போனவர், யாரிடமும் எதுவும் கேட்காமல் சுவரைப் பார்த்து நின்றார்.

என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் திரும்பி வந்து மனைவியிடம் என்ன சொன்னாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.